இரண்டு முடிச்சு வயர்

"என்னண்ணே, ஒங்களுக்குப் பச்சையும் நீலமும் ஒண்ணாத் தெரியுதாமே?"

பஞ்சர் கடை கருத்தக்கண்ணன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவனிடம் நல்ல எண்ணம் கெட்ட எண்ணம் என்று தனித்தனியாக எதுவும் கிடையாது. வாயில் வந்ததைக் கேட்பான், கேட்டுவிட்டுத் தொட்டித் தண்ணீரில் ட்யூபை அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்க்கப் போய்விடுவான். அன்று காலையும் அப்படித்தான் குனிந்துவிட்டான். சோணைமுத்து மட்டும் டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நிற்க, சமயநல்லூர் மெயின் ரோட்டில் திண்டுக்கல் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனதுகூடக் காதில் விழாமல் நின்றான்.

ஏனென்றால் இதை அவன் இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆளிடம்தான் சொல்லியிருந்தான்.

"யாரு சொன்னா ஒனக்கு?"

"நம்ம முத்துதான்ணே. நேத்து சாயங்காலம் தல்லாகுளத்து வாத்தியார் காரு விசயம் பேச்சுல வந்துச்சு. 'மச்சானைக் குத்தம் சொல்லாதீகண்ணே, பாவம், அவருக்குப் பச்சையும் நீலமும் ஒண்ணாத் தெரியுது, வயரை மாத்திக் குடுத்துட்டாரு'ன்னான். அழுகாத கொறதான். அம்புட்டுப் பாசம்ணே ஒங்க மேல."

நல்ல பாசம்! சோணைமுத்து மிச்ச டீயைத் தரையில் ஊற்றிவிட்டுக் கிளாஸைக் கழுவாமலே வைத்தான்.

முத்துக்கருப்பன் வேறு யாருமில்லை, சோணைமுத்துவின் பெண்டாட்டி கனகலட்சுமியின் உடன்பிறந்த தம்பி. முப்பத்துமூன்று வயது. பன்னிரண்டு வருஷமாகச் சோணைமுத்துவின் வண்டி வயரிங் கடையில் அவனுக்குச் சமமாக வேலை பார்க்கிறவன். ஒரே தூக்குச்சட்டிச் சோற்றை இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து தின்பார்கள். கை வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். சும்மா சொல்லக்கூடாது, சோணைமுத்து ஒரு ஹெட்லைட்டைக் கழற்றுவதற்குள் அவன் இரண்டை மாட்டிவிடுவான். மாட்டினது நிற்குமா என்பது வேறு பேச்சு. ஆனால் சோணைமுத்து தன் கண்ணைப் பற்றி அவனிடம் சொன்னதில்லை. தொழிலில் இருக்கிறவன் சொல்லக்கூடிய சங்கதியா அது? ஆட்டோ எலக்ட்ரீசியனுக்கு வயர் நிறம் தெரியவில்லை என்று ஊரில் பேச்சுக் கிளம்பினால் எவன் கொண்டுவந்து வண்டியை விடுவான்?

சொன்னது கனகலட்சுமியிடம்தான். போன கார்த்திகையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து மேலே பார்க்கும்போது பச்சையும் நீலமும் ஒரே அழுக்கு நிறமாகத் தெரிகிறது, சர்க்கரையா புரையா என்று தெரியவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகவும் பயமாக இருக்கிறது என்று நாற்பத்தேழு வயசு ஆம்பிளை கண் கலங்கிவிட்டான். அவள் சிரிக்கவில்லை. ஐயோ என்று அலறவும் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கண்ணு இல்லாட்டி வெரல் இருக்குல்ல? வயரு நுனியில முடிச்சுப் போட்டு வைங்க. இதுக்கு ஒரு முடிச்சு, அதுக்கு ரெண்டு முடிச்சு. தடவிப் பாத்தா தெரிஞ்சிரப்போகுது" என்றாள். எவ்வளவு பெரிய மூளை! அன்றைக்கு அவளைக் கும்பிடலாம் போல இருந்தது அவனுக்கு. அதிலிருந்து எந்த வண்டியில் வேலை செய்தாலும் முடிச்சுத்தான். கண்ணை மூடிக்கொண்டு தடவியே வேலையை முடித்துவிடுவான். முடிச்சு விஷயம் அவனுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்தது. பார்க்கிறவர்கள் வயர் நீளமாக இருக்கிறது, முடிந்து வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இனி அந்தக் கார் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

தல்லாகுளத்தில் சுப்பராமன் சார் என்று கணக்கு வாத்தியார் ஒருவர், ரிட்டயர் ஆனவர். அவருடைய பழைய கார் எத்தனையோ வருஷமாகச் சோணைமுத்து கையில்தான் இருந்தது. வீட்டு வாசலில் தகரக் கொட்டகை, கொட்டகையில் கார், காரின் மூக்குக்கு மூன்றடி தள்ளி இரும்பு கேட். அவர் மனைவி ஜானு அம்மாளுக்கு முடக்குவாதம். கை விரல்கள் பத்தும் மடங்கிக் கோணிவிட்டன. வாரத்தில் மூன்று நாள் கை கால் பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டும். சித்திரை வெயிலில் தகரத்தடியில் நிற்கிற காருக்குள் அந்த அம்மாளை உட்காரவைத்தால் மூச்சு முட்டிப்போகிறது. அமெரிக்காவில் இருக்கிற மகன் ஹரிஷங்கர் இதைக் கேட்டுவிட்டு, வீட்டுக்குள் இருந்தபடியே பட்டனை அமுக்கினால் கார் ஸ்டார்ட் ஆகி ஏசி ஓடுகிற பெட்டி ஒன்றை வாங்கி அனுப்பினான். பெட்டி வந்தது. பட்டனோ புளியங்கொட்டை அளவு. ஜானு அம்மாள் விரலுக்கு அது அகப்படவில்லை.

"நானே அமுக்கிக்கறேன், உனக்கென்ன கவலை" என்று சார் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "காபி கலக்க முடியலை, கோலம் போட முடியலை, தலை வாரிக்க முடியலை. இந்த ஒண்ணையாவது நான் பண்றேனே" என்று சோணைமுத்துவைப் பார்த்துச் சொன்னாள். அந்தக் குரல் அவனை என்னமோ செய்துவிட்டது. ரிமோட்டைப் பிரித்து, பட்டனுக்கு அடியில் இருந்து இரண்டு வயரை ஈயம் வைத்து வெளியே இழுத்து, அந்த அம்மாளின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக ஒரு பெரிய காலிங்பெல் சுவிட்சில் கொண்டுபோய்க் கொடுத்தான். உள்ளங்கையால் அழுத்தினாலும் போதும், டிக்கென்று அமுங்கும். முதல் நாள் அவள் அழுத்தி, வெளியே கார் உறுமினபோது, சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டினாள். விரல் மடங்கின கை, சத்தமே வரவில்லை.

சோணைமுத்துவுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. சுப்பராமன் சார் வண்டியை நிறுத்தினால் எப்போதும் ஃபர்ஸ்ட் கியரில் போட்டுத்தான் நிறுத்துவார். என்றைக்கோ அழகர்கோவில் சரிவில் வண்டி தானாக உருண்டதாம், அதிலிருந்து முப்பது வருஷப் பழக்கம். கியரில் நிற்கிற வண்டியை வீட்டுக்குள்ளிருந்து ஸ்டார்ட் பண்ணினால் என்ன ஆகும்? துள்ளிப் பாயும். அதனால் கியர் தண்டுக்கு அடியில் சின்ன சுவிட்ச் ஒன்றைத் தன் யோசனையிலேயே செய்து வைத்தான். கியர் நியூட்ரலில் இருந்தால்தான் அது அமுங்கும். அது அமுங்கினால்தான் பெட்டி காரை ஸ்டார்ட் பண்ணும். கியரில் கிடந்தால் அந்த அம்மாள் நாள் முழுக்க அழுத்தினாலும் கார் அசையாது. பெட்டியிலிருந்து ஸ்டார்ட் உத்தரவைக் கொண்டுபோகிற வயருக்கு ஒரு முடிச்சு. இந்த நியூட்ரல் வயருக்கு இரண்டு முடிச்சு.

பத்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை காலை, சுப்பராமன் சார் கேட்டைத் திறக்கக் காருக்கு முன்னால் போய் நின்றார். உள்ளே ஜானு அம்மாள் சுவிட்சை அழுத்தினாள். அவளுடைய ஜன்னலில் இருந்து பார்த்தால் காரின் பின்கண்ணாடிதான் தெரியும், கேட் தெரியாது. கார் ஒரு துள்ளுத் துள்ளி அவரைக் கேட்டோடு வைத்து அழுத்தி நின்றது. வலது முட்டி நொறுங்கிவிட்டது.

அன்றிலிருந்து நாலு நாள் சோணைமுத்து மனுஷனாக இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினான். சார் ஆபரேஷனுக்குள் இருந்தார். ஹரிஷங்கர் போனில் ஸ்பீக்கரில், "காரை யாரும் தொடாதீங்கோ, அந்த எலக்ட்ரீசியனை உள்ளே விடாதீங்கோ" என்று கத்தினதை வராந்தாவில் நின்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தான். இரண்டு முடிச்சு வயரை மாட்டினோமா, மாட்டவில்லையா? மாட்டின ஞாபகம் விரலில் இருந்தது. ஆனால் நம்புவதா? கனகலட்சுமி சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு, "விடுங்க. எதையாச்சும் மறந்திருப்பீக. கண்ணு இருக்குற லச்சணத்துல நீங்களும் என்னதான் செய்வீக" என்றாள். முத்துக்கருப்பன் தோளில் கை வைத்து, "மச்சான், இனிமே வயரிங் வேலையில நீங்க கை வைக்க வேணாம். நான் பாத்துக்கிறேன்" என்றான். சோணைமுத்து தலையை ஆட்டினான். தன் கையை வெட்டிப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தான்.

ஐந்தாம் நாள்தான் கருத்தக்கண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்டது.

கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு சோணைமுத்து வண்டியை எடுத்தான். கண் விஷயம் அவளிடமிருந்து தம்பிக்குப் போயிருக்கிறது. சரி, அக்கா தம்பி, ஏதோ ஒரு நாள் மனசு கேட்காமல் சொல்லியிருப்பாள், அதில் என்ன குற்றம் என்று பரவை தாண்டும்வரை தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனான். விளாங்குடி வரும்போது அந்தச் சமாதானம் தீர்ந்துவிட்டது. வயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று முத்துவுக்கு எப்படித் தெரியும்? காரைத்தான் யாருமே தொடவில்லையே?

சுப்பராமன் சார் ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தார். அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று எதிர்பார்த்தான். அவர் திருப்பவில்லை.

"வாங்கோ சோணைமுத்து. என் பேர்லயும் தப்பு இருக்கு. கியர்ல போட்டு நிறுத்தாதீங்கோன்னு தலைபாடா அடிச்சுண்டேள். ஆனா அன்னிக்கு உங்க மச்சினர் வந்து சரி பண்ணிட்டுப் போனதுக்கப்பறம், இனிமே பிரச்சனை இல்லைன்னு நெனச்சுட்டேன்."

"எந்த மச்சினன் சார்?"

"முத்துக்கருப்பன்தான். செவ்வாக்கிழமை. நான் கியர்ல போட்டுடறேனா, ஜானு அழுத்தறா, கார் ஸ்டார்ட்டே ஆகறதில்லை. ஏற்கெனவே மூணு தடவை உங்களைக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணியாச்சு. அன்னிக்கு நீங்க போனை எடுக்கலை. உங்க கார்டுல இன்னொரு நம்பர் இருந்தது. உங்க சம்சாரம் எடுத்தா. 'அவரு அலங்காநல்லூர் போயிருக்காரு, தம்பியை அனுப்புறேன் சார்'னா. அவரும் வந்தார். நீங்க சொல்லித்தான் வந்தேன்னார். பத்தே நிமிஷம், சரியாயிடுத்துன்னு சொல்லிட்டுப் போயிட்டார்." சார் அவன் முகத்தைப் பார்த்தார். கணக்கு வாத்தியார் அல்லவா. "உங்களுக்குத் தெரியாதா?" என்றார் மெதுவாக.

"காரை ஒருக்கா பாத்துக்கவா சார்?" என்று மட்டும் சோணைமுத்து கேட்டான். அவர் வீட்டுக்குப் போன் பண்ணி, சாவியைக் கொடுக்கச் சொன்னார்.

தகரக் கொட்டகைக்குள் அனல். சோணைமுத்து டிரைவர் சீட்டில் மல்லாக்கப் படுத்து, தலையை பிரேக் மிதிக்குப் பக்கத்தில் கொடுத்து, வலது கையை மேலே டேஷ்போர்டுக்குள் விட்டான். கண்ணை மூடிக்கொண்டான். விரல் ஒவ்வொரு வயராகப் போயிற்று. ஒரு முடிச்சு கிடைத்தது, போட்டபடியே இருந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே, இடது பக்கம், இரண்டு முடிச்சு. அவன் போட்டது. அடுத்தடுத்து, நெல்மணி அளவு இடைவெளி விட்டு, அவன் போட்ட அதே இரண்டு முடிச்சு. அதைப் பிடித்துக்கொண்டே விரலை நகர்த்தினான். முடிச்சைத் தாண்டி இரண்டு அங்குலத்தில் வயர் முடிந்துவிட்டது. கட்டிங் பிளேயரால் வெட்டின நுனி சுருக்கென்று குத்தியது. பெட்டியிலிருந்து வந்த மறுபாதியைத் தேடினான். அது ஒரு போல்ட்டுக்கு அடியில், வண்டி உடம்போடு எர்த்தாக முறுக்கப்பட்டுக் கிடந்தது. அதாவது, கியர் எங்கே கிடந்தாலும் நியூட்ரல்தான் என்று பெட்டி நம்பிக்கொள்ளும். பத்து நிமிஷ வேலை. சரிதான், முத்துக்குப் பத்து நிமிஷம் கூட ஆகாது.

சோணைமுத்து மறக்கவில்லை. அவன் விரல் பொய் சொல்லவில்லை. படுத்த வாக்கிலேயே சோணைமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. முதலில் அது சந்தோஷம்தான், நான் இல்லை, நான் இல்லை என்று. அப்புறம்தான் மற்றது உறைத்தது. முடிச்சுப் போடச் சொன்னதே கனகலட்சுமி. முடிச்சுப் போட்ட வயரை அவன் மறக்க வழியே இல்லை என்பது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்துகொண்டே அல்லவா நாலு நாளாக, மறந்திருப்பீக மறந்திருப்பீக என்று சோற்றோடு சோறாக ஊட்டியிருக்கிறாள்!

இரண்டு முடிச்சு இருந்த துண்டை மட்டும் வெட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். புது வயர் எடுத்து, அதிலும் இரண்டு முடிச்சுப் போட்டு, மறுபடி ஒழுங்காகச் சேர்த்து ஈயம் வைத்தான். ஈயம் ஒரு சொட்டு அவன் கழுத்தில் விழுந்தது. சாவியைக் கொடுக்க உள்ளே போனபோது, கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் காலிங்பெல் சுவிட்சை மறைத்து ஒரு துணி தொங்குவதைப் பார்த்தான். ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"பார்க்க முடியலை அதை" என்றாள் ஜானு அம்மாள். "என் கையால அவர் காலை ஒடிச்சுட்டேனே. நான் ஒண்ணாவது பண்றேன் பண்றேன்னு கேட்டு வாங்கிண்டேன். நன்னாப் பண்ணினேன்." மடங்கின கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோணைமுத்து சொல்லிவிட வாயைத் திறந்தான். என்னவென்று சொல்வது? என் பெண்டாட்டியும் மச்சினனும் என்றா? "நாளைக்குக் காலையில வாரேம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

வீட்டில் கனகலட்சுமி முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவன் பையிலிருந்து வயர்த் துண்டை எடுத்து முறத்தில் போட்டான். கீரையின் மேல் அது கிடந்தது. யாராக இருந்தாலும், இது என்ன என்று கேட்டிருப்பார்கள். அவள் கேட்கவில்லை. உருவிக்கொண்டிருந்த கை நின்றது. அவ்வளவுதான், அவனுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

"ஒனக்கு என்னைக்குத் தெரியும்?"

"அன்னைக்கே." தலையைத் தூக்காமல் சொன்னாள். "வாத்தியாருக்கு அடிபட்டுச்சுன்னு கேட்டதும் ஓடி வந்து சொன்னான். அவன் வேணும்னு செய்யலங்க. நான்தான் போகச் சொன்னேன். அவரு சும்மா சும்மா கூப்பிடுறாரேன்னு, அவன் ஏதோ நெனச்சு..."

"நான் அதைக் கேக்கல. அவன் வெட்டுனான், சரி, புத்தி கெட்டுப்போயி வெட்டிட்டான். நீ என்னடி செஞ்ச? நாலு நாளா நான் பைத்தியக்காரன் மாதிரி என் கையையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். மறந்திருப்பீகன்னு சொன்னியே! எப்படி வாய் வந்துச்சு ஒனக்கு?"

"இருபதாந்தேதி அவனுக்கு நிச்சயம். கீழக்குயில்குடிக்காரக, தொழில்ல கெட்டிக்காரப் பயன்னு நம்பித்தான் பொண்ணு குடுக்குறாக. இது வெளிய வந்தா அவன் வாழ்க்கையே போயிரும்ங்க. ஒங்களுக்குன்னா..." கொஞ்சம் நிறுத்தினாள். நிறுத்தியவள் நிறுத்தியே இருந்திருக்கலாம். "ஒங்களுக்குன்னா கண்ணு தெரியல, பாவம்னு ஆளுக விட்டுருவாக."

பாவம்! அந்த ஒரு சொல்தான் அவனைக் கொன்றது. அவள் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் பயத்தை எல்லாம் அவிழ்த்து அவள் மடியில் கொட்டினானே, அதை அப்படியே எடுத்துத் தம்பி கையில் கொடுத்து, போய் ஊரில் சொல்லு என்று அனுப்பியிருக்கிறாள். இத்தனைக்கும் அவள் ஒரு வார்த்தை அவனிடம் கேட்டிருக்கலாம். ஏங்க, தம்பி இப்படிச் செஞ்சுட்டான், பழியை நீங்க ஏத்துக்கங்க என்று கேட்டிருந்தால், சத்தியமாக, திட்டிக்கொண்டாவது ஏற்றுக்கொண்டிருப்பான். கேட்டால் கொடுத்திருப்பான் என்பதும் இருபத்திரண்டு வருஷமாகக் கூட வாழ்கிறவளுக்குத் தெரியாதா என்ன? கேட்காமல் எடுத்துக்கொண்டாளே என்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அவள் அழுதாள். கூடப் பிறந்தவனாயிற்றே என்றாள். அவன் முறத்திலிருந்து வயர்த் துண்டைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மாடிக்குப் போய் வெறும் தரையில் படுத்தான்.

மறுநாள் காலை முத்துக்கருப்பன் வழக்கம்போல் வீட்டு வாசலுக்கு வந்து ஹாரன் அடித்தான். அக்கா அவனிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை போல. அல்லது சொல்லியிருந்தாளோ என்னமோ, சோணைமுத்துவுக்கு இனி அவள் எதைச் சொல்வாள், எதைச் சொல்ல மாட்டாள் என்று தெரியாது.

"மாப்ள, தல்லாகுளத்துக்கு விடு. அந்தக் காரைப் பாத்துட்டு வந்துருவோம்."

"இப்ப என்னத்துக்கு மச்சான்? அவுக தொடவே வேணாம்னு சொன்னாகல்ல?"

"சாரு சொல்லீட்டாரு. விடு."

வழி நெடுக முத்துக்கருப்பன் பேசிக்கொண்டே வந்தான். நிச்சயத்துக்கு எடுத்த சட்டை, பெண் வீட்டார் போடுகிற பந்தல், வரப்போகிற மாமனாரின் வாய். பின்னால் உட்கார்ந்திருந்த சோணைமுத்து அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தான். பன்னிரண்டு வருஷம் எதிரில் உட்கார்ந்து சோறு தின்ற ஆள். குழம்பில் கிடக்கிற பெரிய துண்டை எடுத்து இவன் தட்டில் போடுகிற ஆள். அதெல்லாம் பொய்யா என்றால், பொய்யில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஜானு அம்மாள் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சோணைமுத்து காருக்குள் கையை விட்டு, கியரை ஃபர்ஸ்டில் தள்ளினான். ஹேண்ட்பிரேக்கை இறக்கினான். கதவைச் சாத்திவிட்டு, ஜன்னலுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னான்.

"மாப்ள, கேட்டுக்கு முன்னாடி போயி நில்லு. சாரு நின்ன எடத்துல."

முத்துக்கருப்பன் சிரித்தான். "எதுக்கு மச்சான்?"

"வண்டி ஃபர்ஸ்ட் கியர்ல கெடக்கு. நியூட்ரல் வயரை நேத்து நான் சேத்துட்டேன். அம்மா அமுக்குவாக. கெளம்பாது."

சிரிப்பு மெல்ல வடிந்தது. சேர்த்துவிட்டேன் என்ற சொல் அவன் காதில் விழுந்த இடம் முகத்தில் தெரிந்தது. ஜன்னலைப் பார்த்தான். சோணைமுத்துவைப் பார்த்தான். "வெளாடாதீக மச்சான்."

"வெளாட்டு இல்லடா. நான் செஞ்ச வேல. நம்பி நில்லு."

"ஒங்களுக்குத்தான் கண்ணு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"கண்ணு? சொல்லு. அம்மாவும் கேக்கட்டும்."

முத்துக்கருப்பன் சொல்லவில்லை, நிற்கவும் இல்லை. காரைவிட்டு இரண்டு அடி விலகி, சுவரை ஒட்டினான். ஜன்னலுக்குள் ஜானு அம்மாள் நாற்காலியில் முன்னால் சாய்ந்து அவனையே பார்த்தாள். செவ்வாய்க்கிழமை வந்து சரி பண்ணிவிட்டுப் போனவனை அவளுக்கு அடையாளம் தெரியாமலா இருக்கும்? கணக்கு வாத்தியார் வீட்டில் நாற்பது வருஷம் இருந்தவள், கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோணைமுத்து நடந்து போய்க் காருக்கும் கேட்டுக்கும் நடுவில் தானே நின்றான். நம்பர் பிளேட் வளைந்திருந்தது. கேட்டின் கம்பி ஒன்று வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தது. முட்டிக்கும் பம்பருக்கும் ஒரு சாண் இருக்கும். இங்கிருந்து ஜன்னல் தெரியவில்லை.

"அமுக்குங்கம்மா!"

"ஐயோ, மாட்டேன். என்னைக் கொல்லாதீங்கோ."

"ஒங்க கை இல்லம்மா. அன்னைக்கும் ஒங்க கை செய்யல. அமுக்கிப் பாருங்க, ஒங்களுக்கே தெரியும்."

சோணைமுத்து பானெட்டின் மேல் கையை வைத்தான். தகரம் சுட்டது. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. நேற்று ஈயம் வைத்தது சரியான வயரில்தானா? விரல் இரண்டு முடிச்சைத் தொட்டதா, அல்லது தொட்டதாக நினைத்ததா? ஈயம் வேறு கழுத்தில் சிந்தியதே. பச்சையா அது, நீலமா? விரல் சரியாகத்தான் சொல்கிறது என்று தெரியும், நன்றாகவே தெரியும். ஆனாலும் உள்ளுக்குள் அந்தக் குரல் மறந்திருப்பீக, மறந்திருப்பீக என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அது கனகலட்சுமியின் குரல். இனி எந்த வண்டிக்கு அடியில் படுத்தாலும் இந்தக் குரலும் கூடவே வந்து படுத்துக்கொள்ளும் என்று தோன்றியபோது அவனுக்கு அவள் மேல் வந்தது கோபம்கூட இல்லை, துக்கம். நகர்ந்துவிடலாமா என்று கால் கேட்டது. அவன் நகரவில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டுப் பழைய வயர்த் துண்டின் முடிச்சைத் தடவினான். ஒன்று. இரண்டு.

ஜன்னல் பக்கம் சுவிட்சை மறைத்த துணியை ஆணியிலிருந்து உருவுகிற சத்தம் கேட்டது.

டிக்.

கார் அப்படியே நின்றது. கொட்டகைத் தகரத்தில் ஒரு காக்கா நடந்துபோனது. மறுபடி டிக். அவள் உள்ளங்கையால் அழுத்துகிறாள். டிக். டிக். பிறகு நிறுத்தாமல், அழுதுகொண்டே, டிக், டிக், டிக் என்று அழுத்திக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு டிக்குக்கும் சுவரோடு ஒட்டி நின்ற முத்துக்கருப்பனின் தோள் ஒரு தடவை துள்ளி அடங்கியது. சோணைமுத்து பானெட்டில் இருந்து கையை எடுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.